மேல் ரூம் சாமான்

— இந்தா, உன் மிக்ஸி. இந்தா, உன் மவ ஸ்ரீதேவி ஸ்கூல் பை. டிவியை நீயே ஆள் வச்சு எறக்கிக்கோ.

— நஸீராக்கா, என்ன இது? மழை இன்னும் விடலியே! நேத்துகூட சாக்கடைத் தண்ணி எங்க ரூம்ல முழங்கால் மட்டும் நின்னுச்சு.

— நிக்கட்டும் பிச்சம்மா. இனி உனக்கென்ன பயம்? வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடுதியாமே. இன்னைக்கு ஆபீசர் பார்க்க வாரானாமே. மாவு மில்லுல அம்மிணி சொல்லித்தான் எனக்கே தெரியுது.

— அவ வாயில எள்ளு நனையாதே!

— பேச்சை மாத்தாத. வாரவன் சாமானைப் போட்டோ புடிக்கணும்லா? கீழ என்ன இருக்கு, நனைஞ்ச பாயும் எலியும்தான். அதான் கொண்டு போன்னு சொல்லுதேன்.

— வேண்டாம்க்கா, மேலயே கெடக்கட்டும்.

— ஏன் கெடக்கணும்? மழைன்னா மொதல்ல உன் சாமான் ஏணி ஏறும். பொறவு நீ, உன் பிள்ளை, உன் புருசன் முத்துசெல்வம். அவன் விடுத கொறட்டையில கூரைத் தகரமே ஆடும். கால் நீட்ட எடம் இருக்காது.

— எம்புட்டுத் தொந்தரவு குடுத்திருக்கோம் உங்களுக்கு!

— தொந்தரவுன்னு நான் சொன்னனா? என் புருசன் மவுத்தாயி, மவன் யாசரும் அம்பர்நாத் பாக்டரிக்குப் போனப்பொறவு, இந்த ரூம்ல மனுசக் குரல் கேக்கதே மழைக்குத்தான்டி. தாராவி பூரா மழையைத் திட்டும். நான் மட்டும் மேகம் கறுத்தா ஆழாக்கு அரிசி கூடப் போட்டு உலை வைப்பேன்.

— அக்கா...

— இனி தண்ணி வந்தா காகிதத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கிடுவே. என் ஏணியை எதுக்கு மிதிக்கப் போறே?

— அட, அழாதீங்கக்கா. கண்ணைத் தொடைங்க, ஆள் வந்துருவாரு.

— உன் வீட்டைப் பார்க்க வாரவனுக்கு நான் எதுக்குட்டி கண்ணைத் தொடைக்கணும்?

— நான் சொல்லுததைக் கேளுங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அந்த சார் கேட்டாரு, "வெலையுள்ள சாமானெல்லாம் எங்க வப்பீங்க"ன்னு. எனக்கு உங்க ரூம்தான் வாயில வந்துச்சு. அதோட, போன மாசம் உங்க மீட்டர் பெட்டி குபுகுபுன்னு எரிஞ்சதும் ஞாபகம் வந்துச்சு.

— அரே, அது சும்மா புகைதான். ஏட்டி, கீழ ஆரோ கூப்பிடுதாவளே?

— அவருதான். சார், ஊப்பர் ஆயியே! ஏணி வழுக்கும், பாத்து வாங்க!

— அவனை எதுக்கு இங்க ஏத்துதே? உன் வீடு கீழல்லா இருக்கு?

— எங்க வீட்டுக்கு நான் எங்க இன்சூரன்ஸ் எடுத்தேன்? உங்க ரூமுக்குத்தான், உங்க பேர்லதான். மொதல்லயே சொன்னா வேண்டாம்னு தடுத்துருவீங்கன்னுதான் மூச்சு விடல. எங்க வீடு முங்கினா ஓடி வர இது இருக்கு. இதுக்கு ஒண்ணுன்னா நாம எல்லாரும் எங்கக்கா போவோம்?