தாழியில் கீறல் இல்லை

எனக்கு மண்வெட்டி ஆகவே ஆகாது ஐயா. புதைந்துபோன ஊர்களைத் தோண்டியே இருபத்தெட்டு வருஷமாக வயிறு வளர்க்கிறேன். ஒரே வெட்டில் ஒரு நூற்றாண்டை அள்ளி வீசிவிடும் அது. என் குழிகளில் சின்னக் கரண்டியும் பிரஷும்தான்.

இறந்தவன் என் தங்கை புருஷன். வேலையில்லாமல் இருந்தவனை நான்தான் சேர்த்துவிட்டேன். அன்று காலை இரண்டு ஆள் ஆழத்தில், மூவாயிரம் வருஷத்துத் தானியத் தாழி ஒன்று முழுசாகத் தலைகாட்டியது.

"மச்சான், குழிச் சுவர்ல ஈரம் வேர்க்குது. முட்டுப்பலகை குடுங்க."

முந்தின நாள் மழை. அவன் சொன்னது சரிதான். ஆனால் மதியம் தொல்லியல் துறை இயக்குநர் புகைப்படம் எடுக்க வருகிறார். பலகை வைத்தால் மண் அடுக்குகள் மறைந்துவிடும். எங்கள் இயக்குநர் குழியில் இறங்கமாட்டார். தொப்பியோடு கரையில் நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

"படம் முடியட்டும்" என்றேன்.

"நான் புதைஞ்சா என்னையும் பிரஷ் போட்டுத்தான் எடுப்பீங்களா?" என்று சிரித்தான்.

பதினொன்று பத்துக்குச் சுவர் சரிந்தது. நேரம் குறிப்பது தொழில் பழக்கம். ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். அவன் மேலேயே வெட்டு விழும் என்று தடுத்தேன். நியாயமான பேச்சு, விசாரணையிலும் ஒப்புக்கொண்டார்கள். கரண்டியால் சுரண்டினோம்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. அவன் கைக்கு எட்டியது தாழிதான். உடைத்துவிடுவானோ என்று பதறினேன். பதினொன்று முப்பத்தைந்துக்குச் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தாழிக்குள் மண்தான் இருந்தது.

"அண்ணே, அவரு கூப்பிட்டாரா?" என்று தங்கை கேட்டாள். உடனே போய்விட்டான் என்றேன். இரண்டு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

போன வாரம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தாழி. கீழே இயக்குநர் பெயர். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அவ்வளவு மண்ணு விழுந்தும் இது எப்படிண்ணே ஒரு கீறல்கூட இல்லாம வந்துச்சு?"

"பொறுமையா எடுத்தோம்மா."

அவள் தாழியை விட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத் தாங்காமல்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மண்வெட்டி போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் அவனை உயிரோடு எடுத்திருக்கலாம். தெரிந்தேதான் தடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி, என் வேலையில் நீங்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது ஐயா.