ஏரோப்ளேன் ஏறுன தாம்பாளம்

ண்ணா ண்ணா, வேர்க்கல்ல தோல அதுல போடாதீங்க. காலித் தட்டுதான், இல்லன்னு சொல்லல. காலியாவே வூடு போய்ச் சேரணும் அது. தோல கீழ போடுங்க, கண்டக்டர் கேட்டா நா தின்னேன்னு சொல்லிக்கிறேன்.

எங்க வுட்டேன்? ஆங், ஏரோப்ளேன்ல ஏறுன கத. நம்பலன்னா இந்தா பாருங்க சீட்டு. மெட்ராசு டு ஐதராபாத். கலையரசன்னு போட்டுக்கீதா? நாந்தான். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசமே வுட்டுட்டு அப்பா கூட கரும்பு வெட்டுறவன் ப்ளேன்ல போனேன்னா எவன் நம்புவான்? ஆட்ட வித்துட்டுப் போனேண்ணா. ஆட்டு மேல குந்திகினு போன மாரிதான் வெச்சிக்கங்களேன்.

எதுக்கா? எங்கக்காவக் கல்யாணத்துக்கு அழைக்கத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம தங்கச்சி ஷாலினிக்குக் கல்யாணம். அக்கா எழில்மதி வூட்ட வுட்டுப் போயி ஏழு வருசம் ஆவுது. தாய்மாமனக் கட்டிக்க மாட்டேன்னுச்சி. படி தாண்டுனா திரும்பி வராதன்னாரு எங்கப்பா. தாண்டிடுச்சி. போன் போட்டா எடுக்காது. இப்ப ஷாலினி இன்னா பண்றா, அக்கா வரலன்னா தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம்.

வாட்சப்புலயா? நீங்களே சொல்லுங்க, வாட்சப்புல அழச்சா உங்க பங்காளி வருவானா? தாம்பாளத்துல வெத்தல பாக்கு பத்திரிக வெச்சி, நின்னுகினு, ரெண்டு கையால நீட்டணும். எதிராளி பாக்க எடுத்தா வரேன்னு அர்த்தம். தொடலன்னா ஒறவு அத்துப்போச்சின்னு அர்த்தம். எங்கப்பா வாயத் தொறந்து போய்ட்டு வாடான்னு சொல்லலண்ணா. ஆனா வெத்தலய அவரேதான் வாங்கியாந்து, ஒண்ணொண்ணா வேட்டில தொடச்சி அடுக்குனாரு. இன்னாப்பான்னா, ஊரு மொறைக்குடான்றாரு.

அக்கா அங்க எந்த ஏரியாவா? அதுக்கு நெலையா ஒரு எடம் இல்லண்ணா. இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. அக்காகூடப் படிச்ச ஜெபீனாதான் சொல்லிச்சி, புதன்கெழம காலைல இந்த ப்ளேனப் புடிடா, அக்காவப் பாத்துடலாம்னு.

போனா, ஏர்போர்ட்டு வாசல்லயே தட்டுல வெக்கக் கொண்டுபோன தேங்காவப் புடுங்கிகினாங்க. எண்ண சாமானாம், ஏத்தக் கூடாதாம். சார், இது ஒடைக்கற சாமான், தானா வெடிக்காதுன்னேன். வேணும்னா இங்கியே ஒடச்சி ஒரு கற்பூரம் காட்டிட்டுப் போறேன், ப்ளேனுக்கும் நல்லதுன்னேன். கற்பூரம்னதும் துப்பாக்கி வெச்சிகினு இன்னும் நாலு பேரு வந்துட்டாங்க.

உள்ள போனேன். மொத வரிசைல ஜன்னல் சீட்டு சும்மா கீது. பழக்க தோசம், துண்டப் போட்டுட்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல துண்டு போட்டா கலெக்டரே வந்தாலும் நின்னுகினுதான வரணும்? அங்க அந்த சட்டம் செல்லல. ஏர் ஹோஸ்டஸ் வந்துச்சி. கொண்டயும் லிப்ஸ்டிக்கும், கடைல நிக்க வெச்ச பொம்ம மாரி. என்னப் பாத்ததும் மொகம் சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சி. சார், உங்க சீட் இருவத்திரெண்டுன்னு இங்கிலீசுல சொல்லிட்டு, ரெண்டு வெரல்ல துண்டத் தூக்குச்சி பாருங்க, செத்த எலியத் தூக்கற மாரி. தூக்கி என் தோள்ல போட்டுச்சி.

திமிருதான, அதான் சொல்றேன். அப்பால பெல்ட்டு மாட்றது எப்டின்னு செஞ்சி காட்டுச்சி. எல்லாரயும் பாத்து காட்டுது, இருவத்திரெண்டாவது வரிச வந்தா மட்டும் கண்ணு கூரைக்குப் போவுது.

தலைக்கு மேல பெல்லு ஒண்ணு கீதுண்ணா, அமுக்குனா வருவாங்க. அமுக்குனேன். தண்ணி வேணும்னேன். குடுத்துட்டுப் போச்சி. மறுபடி அமுக்குனேன். கீழ தெரியறது கல்வராயன் மலையாம்மான்னேன். நாம வடக்கால போறம் சார்னு பல்லக் கடிச்சிகினு சொல்லிச்சி. மறுபடி அமுக்கி, எதிர்ல பலகைய இறக்கி, அது மேல தட்ட வெச்சேன். வெத்தலயப் பாத்துச்சி. பத்திரிகையில ஷாலினி பேரப் பாத்துச்சி. பாத்துட்டு, இத்தயெல்லாம் எடுத்து உள்ள வைங்க சார்னுடுச்சி. ஆறாவது பெல்லுக்கு ஓடியாந்து காதாண்ட குனிஞ்சி, இன்னொரு தபா அமுக்குனா மேல எழுதிடுவேன், ஜென்மத்துக்கும் நீங்க ப்ளேன் ஏற முடியாதுன்னுச்சி. நா சொன்னேன், எம்மா, நா ட்ராக்டர்ல போறவன், இத்தச் சொல்லி பயமுறுத்தறியேன்னேன்.

ஏழாவது அமுக்குனனா? அமுக்காம வுடுவனா. வரவேல்ல.

ப்ளேன் இறங்கப் போவுதுன்னுட்டாங்க. தரையத் தொட்டா ஆளு போயிடும், தட்டு அப்டியே கீது. குந்திகினு குடுத்தா அது அழைப்பே இல்லியே! பெல்ட்டக் கழட்டிட்டு, தட்டத் தூக்கிகினு நின்னுட்டேன். அந்தப் பொண்ணு முன்னால எங்களப் பாத்தாப்புல பெல்ட்டு மாட்டிகினு குந்தினு கீது. அங்கேர்ந்து ஒரு சத்தம் போட்டுச்சி பாருங்க.

குந்துடா எரும!

மொத்த ப்ளேனும் திரும்பிச்சி. நா பொத்துனு குந்திட்டேன். ப்ளேனும் பொத்துனு தரைல குந்திச்சி. பிரேக்கு போட்டான், தட்டு சாஞ்சி பாக்கு வுழுந்து முன்னால உருண்டுச்சி. இருவதாவது வரிச, பத்தாவது வரிச, போய்க்கினே கீது. பெல்ட்டு மாட்டிகினு பாக்குப் பின்னால எங்க ஓடறது?

கம்ப்ளெயிண்ட்டா? நீங்க வேற. பக்கத்து சீட்டுக்காரரும் அதான் சொன்னாரு, எழுதுப்பா, நா சாட்சின்னாரு. அவங்களுக்கு எப்டி நம்மூரு பேச்சு வருதுன்னா கேக்கறீங்க? எங்கூரு வடக்கனந்தல்ல பொறந்தவளுக்கு வேற இன்னா பேச்சுண்ணா வரும். ஏழு வருசம் கழிச்சி எங்கக்கா எங்கிட்ட பேசுன மொத பேச்சு அது. அது மேல கம்ப்ளெயிண்ட் எழுதச் சொல்றீங்க.

இறங்கும்போது கதவாண்ட தலைய ஆட்டி, தேங்க் யூ சார், தேங்க் யூ மேடம்னு சொல்லிகினே கீது. என் மொற வந்துச்சி. நின்னுகினு, ரெண்டு கையால தட்ட நீட்டுனேன். பாக்கு இல்லாத தட்டு. பின்னால நூறு பேரு கத்தறான். அது வெத்தலய எடுத்துச்சி. பத்திரிகைய எடுத்துச்சி. கோட்டுப் பையில வெச்சிகினு, தேங்க் யூ சார்னுச்சி. சொல்லிட்டு, மூடிகினிருந்த எடது கைய லேசா தொறந்து காட்டுச்சி.

பாக்கு உள்ள கீது.

அப்பால நா அங்க ஒரு டீ குடிச்சிட்டு ரயிலேறிட்டேன், எறங்கி இந்த பஸ்ஸப் புடிச்சேன். எங்கப்பா வாயத் தொறந்து கேக்க மாட்டாருண்ணா. தட்டத்தான் பாப்பாரு. அதான், தோல கீழயே போடுங்க.