கரகரப்பைச் சரி செய்தவர்

கணபதி ஸ்டாப் வழியாகப் போகிற டவுன் பஸ். துடியலூரில் ஏறிய அப்பாவும் மகளும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் பேஸ் கித்தார். அவர் கையில், காலால் மிதித்து அதன் சத்தத்தை மாற்றுகிற சின்ன பெடல்.

"இது கரகரன்னுச்சு கண்ணு, பேரிங் போன மோட்டராட்டம். தொறந்து, சத்தத்தைச் சிதைக்கற ரெண்டு டயோடைக் கழட்டிப்போட்டேன். இப்பக் கண்ணாடியாட்டம் கேக்குது."

"ஐயோ அப்பா! அந்தக் கரகரப்புக்குத்தானுங்க அதை வாங்குனதே! சாயங்காலம் மேடை ஏறோணுங்க!"

"சுத்தமா இருந்தா நல்லதுதான?"

"தனியா வாசிச்சா அழகுதானுங்க. ஒவ்வொரு சுரமும் உருண்டையா வரும். ராக் பாட்டுல ரெண்டு கித்தாரும் டிரம்ஸும் சேந்துட்டா என் சத்தம் அடியில அமுங்கிப் போயிருமுங்க. கரகரன்னு இருந்தாத்தான் நான் ஒருத்தி வாசிக்கறதே தெரியும்."

அவர் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

"அட ஆமா! நல்லா ஓடற மோட்டரை எவன் திரும்பிப் பாக்கறான்? கரகரங்கறதைத்தான தெருவே எட்டிப் பாக்குது!"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு டயோடுகள்.

"எறியலீங்களா!" அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பியது.

"நல்ல பொருளை யாராச்சும் எறிவாங்களா? கணபதியில எறங்கு அம்மணி. நம்ம மோட்டர் கடையில சால்ட்ரிங் வெச்சு மறுபடி ஒட்டிப்போடலாம்."

இறங்கும்போது படியில் நின்று அவளிடம் கேட்டார்: "பேரிங் போன சத்தம் போதுமா, இல்ல, மோட்டரே கருகற அளவுக்கு வேணுமா?"