கீழ்க்கோட்டுப் பேச்சு

பிற்பகல் மூன்றே கால் மணி. ஈ காக்காய் இல்லாத புறவழிச்சாலை...

என்ன சிரிப்பு? பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? விளக்கைச் சின்னதாக்கிவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய மச்சினனுக்கு நடந்தது. நான் பொய் சொல்வதில்லை. சொன்னாலும் இவ்வளவு சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

மச்சினனுக்குச் சரக்கு வேன்களில் குட்டிக் கம்ப்யூட்டர் பொருத்துகிற வேலை. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. போன் டிரைவரின் சட்டைப்பையிலேயே கிடக்கும். புளூடூத் வழியாகப் பேச்சு வேன் ஸ்பீக்கரில் கேட்கும். நாம் பேசுவதைக் கூரையில் இருக்கிற மைக் வாங்கி அனுப்பும். அன்றைக்கு ஒரு பெட்டி மக்கர் பண்ணியது. பாட்டுப் போட்டால் பாடுகிறது. போன் வந்தால் மணி அடிக்கிறது. எடுத்துப் பேசினால்... கிணற்றில் போட்ட கல்.

அந்தப் பெட்டிக்குள் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. எது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எழுதியதெல்லாம் சரி. பேச்சு உள்ளே வருகிறது. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் யார் வாங்கிக்கொள்கிறார்கள்? பட்டறை இரைச்சலில் ஒன்றும் பிடிபடாமல், வேனை அந்தச் சாலைக்கு ஓட்டிப்போய் ஓரம் கட்டினான்.

அவனுக்கு ஒரே மகள். ஏழு வயது. அம்மாக்காரி வேலை முடிந்து வர ஆறாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாப்பா உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வீட்டில் வைத்திருக்கிற செல்போனில் அப்பாவைக் கூப்பிடும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அப்பா போனில் சொன்னால் மட்டும் திறக்கலாம். வீட்டுச் சட்டம் அது.

மச்சினன் ஒரு சோதனை செய்தான். வருகிற பேச்சை அப்படியே திருப்பி அனுப்பும்படி மாற்றினான். கூப்பிடுகிறவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்க வேண்டும். கேட்டால் வழி சுத்தம். எதற்கும் இருக்கட்டும் என்று மைக்கின் ஒயரைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டான். தப்பு ஒன்றே ஒன்றுதான். சோதனைக்கென்று இருக்கிற போனைப் பட்டறையில் மறந்துவிட்டு, தன் சொந்தப் போனைப் பெட்டியோடு இணைத்தான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்.

மூன்று இருபதுக்கு மணி அடித்தது. பாப்பா. பெட்டி தானாகவே எடுத்துக்கொண்டது.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெட்டியோடு இணைத்திருந்த மடிக்கணினித் திரையில் இரண்டு பச்சைக் கோடுகள். மேலே, வருகிற பேச்சு. கீழே, போகிற பேச்சு. மேல்கோடு துள்ளியது. பாப்பா பேசுகிறது. கூடவே கீழ்க்கோடும் அதே மாதிரி துள்ள வேண்டும்... துள்ளவில்லை. மேல்கோடு ஓயும்வரை காத்திருந்தது. அப்புறம் நிதானமாக எழுந்தது. பதில் சொல்கிற மாதிரி.

மைக் ஒயர் மடியில் கிடக்கிறது. வேனுக்குள் ஈர மண் வாசனை. மழை பெய்து நாலு மாதம்.

மேல்கோடு... கீழ்க்கோடு... மேல்கோடு... ஓரிடத்தில் அது குட்டிக்குட்டியாக நாலைந்து தடவை துடித்தது. பாப்பா சிரிக்கிறது.

அவன் புளூடூத்தை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தான். அழைப்பு அறுந்திருக்கவில்லை.

"பாப்பா, அப்பா பேசறேன். யார்கூடப் பேசிட்டிருந்த?"

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். டக்.

"சரிப்பா, திறந்துட்டேன்," என்றது பாப்பா. அவனிடம் இல்லை.

இருபத்தைந்து நிமிஷ வழியைப் பத்து நிமிஷத்தில் கடந்தான். கதவு அகலத் திறந்து கிடந்தது. பாப்பா மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. வேறு ஆளும் இல்லை. வாரி அணைத்து, யார் வந்தார்கள் என்று கேட்டான். அது அவன் வாயைப் பார்த்தது. மறுபடி கேட்டான். வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

ஆறு மணிக்கு அம்மா வந்து "சாப்பிட்டியாடி?" என்றதும் பளிச்சென்று பதில் சொன்னது. டாக்டர் இரண்டு காதையும் சோதித்தார். குழாய் சொட்டுவது கேட்கிறது. அடுத்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கிறது. பின்னால் நின்று அப்பன் தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் இமைகூட ஆடவில்லை.

"காதுல ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டர். "அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

பெட்டியைச் சுத்தியலால் பொடிப்பொடியாக்கினான். அப்படியும் தினம் மூன்று இருபதுக்குப் பாப்பா வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. சார்ஜ் தீர்ந்த போனா என்று கேட்காதீர்கள், அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது. அழைப்புதான் இல்லை. திரை இருட்டு.

போன வாரம் அம்மாக்காரிக்கு விடுமுறை. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் பாப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டு, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசியது.

"ஆமாப்பா... அந்த ஆளு இன்னும் போகல. வாயை மட்டும் அசைக்கிறாரு... ம்... ம்... அம்மா இங்கதான் இருக்காங்க. குடுக்கட்டுமா?"

அம்மாக்காரி துணியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.