இல்லாத அரசின் முத்திரை

காலை 10:40. விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு வெடிப்பு. முதுகில் மண் கொட்டுகிறது.

"டேய் நைனா, படுறா! எந்திரிக்காத!"

அக்கா வீட்டுக்காரர் தேசப்பன் மாமா கத்துகிறார். எல்லைச் சாவடிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். படுத்தபடியே சட்டைக்குள் தடவுகிறேன். நான்கு பாஸ்போர்ட்டும் இருக்கின்றன.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து அந்த நாட்டுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர்கள் நாங்கள். மாமா, மூர்த்தி, குப்பன் மூவரும் படகில். நான் கம்பெனி அலுவலகத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். நால்வரின் காகிதங்களும் என் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை துறைமுக நகரம் கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. படை தன்னைப் புதிய அரசு என்றது. எங்கள் தூதரகம் அதற்கு முன்பே மூடியாயிற்று. வெளியேறுவோர் பாஸ்போர்ட்டில் புதிய அரசு பச்சை முத்திரை குத்தத் தொடங்கியது. கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அனுமதி டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகாது. சீல் இருந்தால் தைரியம். அப்படித்தான் வளர்ந்தேன். ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றேன். மூன்றில் குத்தினார்கள். நான்காவது என்னுடையது. அதில் குத்துவதற்குள் கூரையில் குண்டு விழுந்தது. ஓடினோம்.

"எங்க மூணு பேருக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சிட்டு, நீ மட்டும் கட்டப் பிரம்மச்சாரியா கீறியே நைனா!" முத்திரை இல்லாத என் பாஸ்போர்ட்டைப் பார்த்து மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

11:25. சாவடி. பக்கத்து நாட்டு அதிகாரி அந்தப் பச்சை முத்திரையைப் பார்க்கிறார். அந்த அரசை அவர்கள் நாடு அங்கீகரிக்கவில்லை. முத்திரையை ஏற்றால் அரசையே ஏற்றது போல் ஆகிவிடுமாம். மூன்று பாஸ்போர்ட்டையும் திருப்பித் தள்ளுகிறார். என்னுடையதில் பழைய விசா மட்டும். போகலாம் என்று கை காட்டுகிறார். நான் நகரவில்லை. மாமா மூன்றையும் வாங்கிக்கொண்டு, என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"போடா! அங்க எவனாண்டயாவது பேசு! பட்சவன்தானே நீ!"

எனக்குப் பின்னால் இரும்புத் தாழ் விழுந்தது.

பேசினேன். தொலைபேசியில், இந்தப் பக்கத்து நாட்டிலுள்ள நம் தூதரக அதிகாரி ஒருவர். மூவருக்கும் அவசரப் பயணக் கடிதம் தரலாம் என்றார். நேரில் வர வேண்டும் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள் சார் என்றேன்.

"நேர்ல வரச் சொல்லுங்க தம்பி."

12:50. மூன்று சத்தம். அடுத்தடுத்து. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

எண்ணூருக்குத் தபாலில் இறப்புச் சான்றிதழ்கள் வந்தன. அதே பச்சை முத்திரை. அக்காவோடு தாசில்தார் அலுவலகம் போனேன். நம் நாடும் அந்த அரசை இன்னும் அங்கீகரிக்கவில்லை. செல்லாது என்றார்கள்.

"அப்ப அவரு சாவலன்றானுங்களாடா?" அக்கா கேட்டாள். நான் படிகளைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

போனவர்கள் நான்கு பேர். வந்தவன் ஒருவன். எரிந்த பாஸ்போர்ட் மூன்று. ஊருக்கு வந்த உடல் ஒன்றுமில்லை. இறந்தவர்கள் தேசப்பன், மூர்த்தி, குப்பன். பதிவேட்டில் இறந்தவர் எவருமில்லை.