எட்டாம் நம்பர் ஜோடி

ஷூ வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கடைக்குப் போக வேண்டும், மேடம். பகலெல்லாம் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துகிற ஷூதான் எல்லா நேரமும் பொருந்தும். நீங்கள் போட்டிருக்கும் பிரவுன் ஷூ காலையில் வாங்கியது என்று நினைக்கிறேன். நேற்று நான் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்தபோது நீங்கள் இரண்டு தடவை வலது குதிகாலை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டீர்கள்.

வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடு என்றீர்கள். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருப்பார்கள்.

என் பெயர் எத்திராஜ். வயது நாற்பத்தாறு. ஜோகுபாளையத்தில் வீடு. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஷூ கடையில் இருபத்திரண்டு வருடமாக சேல்ஸ்மேன். முக்காலியில் உட்கார்ந்து பிறத்தியார் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. சிலர் இதைக் கேவலமாக நினைப்பார்கள். நான் நினைத்ததில்லை. குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, ஆள் பைக்கில் போகிறவரா பஸ்ஸில் போகிறவரா என்று சொல்லிவிடுவேன். ஒரு பேங்க் ஆபீஸருக்கு ஆறு விரல் என்று அவர் சாக்ஸைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்தேன். எங்கள் தெருவில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. யாருக்குக் கால் ஆணி, யாருக்கு நகம் சொத்தை என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரித்தவன் கோவிந்தன்தான்.

செத்துப்போன கோவிந்தனைத்தான் சொல்கிறேன். நானும் அவனும் ஒரே தெரு, ஒரே ஸ்கூல், பத்தாவதில் ஒரே பாடத்தில் ஃபெயில். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹோசூர் ரோட்டில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் மெயின்டெனன்ஸ் சூபர்வைசர் வேலை. அதற்காகப் பொம்மனஹள்ளியில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தான். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "சங்கமித்ரா, இன்னாமா இன்னிக்கு, மீன் கொழம்பா, கறியா?" என்று உள்ளே பார்த்துக் கத்துவான்.

சங்கமித்ரா என் மனைவி. அல்சூரில் ஒரு கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. காலை ஷிஃப்ட் முடித்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவனைக் கோவிந்தண்ணா என்று கூப்பிடுவாள். பதினெட்டு வருடம் அந்த அண்ணாவை நான் நம்பினேன்.

பிப்ரவரியிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. வந்தாலும் முன்போல் வாயாடமாட்டான். ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒற்றை ரப்பர் செருப்போடு வந்து நின்றான். இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சங்கமித்ரா சிரிக்கவில்லை. அவனுடைய வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் திரும்பி வர வெகுநேரம் ஆனது. என்னடா இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. சினேகிதனைச் சந்தேகப்படுகிறவன் மனுஷனே இல்லை என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

புத்த பூர்ணிமாவுக்கு முன்னால் வாசற்படிக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானே அடித்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது படியின் ஓரத்தில் பெயின்ட் மிதிபட்டு இழுபட்டிருந்தது.

"யாரு வந்தாங்க?" என்றேன்.

"யாரும் வர்லியே. பூனையா இருக்கும்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் புதன்கிழமை, சாயங்காலம் ஐந்தரைக்குக் கோவிந்தன் கடைக்கு வந்தான். பழைய கறுப்பு லேஸ் ஷூ. இரண்டு ஷூவிலும் குதிகால் பக்கம் மிதிபட்டு மடங்கியிருந்தது. அவசரமாகப் போட்டு அவசரமாகக் கழற்றுகிறவன் ஷூதான் அப்படி ஆகும். வலது ஷூவின் முனையில் சிவப்புப் பெயின்ட் இருந்தது. என் வீட்டுச் சிவப்பு. அதில் கொஞ்சம் காவி கலந்து அடிப்பேன், வேறு எங்கும் அந்த நிறம் வராது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"மச்சா, லேஸ் கட்டுற வேலையே வேணாம்டா. சட்டுனு மாட்டணும், சட்டுனு கழட்டணும்" என்றான். "ஆனா கம்பெனி மேனேஜருங்க முன்னாடி நிக்கணும், ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டா மொறைக்கிறாங்க. மொட்டைமாடிக்கு ஏறவும் வேணும். லோஃபர் மாதிரியும் இருக்கணும், ஸ்நீக்கர் மாதிரியும் இருக்கணும்."

"ரெண்டு வீட்டுக்காரன் கேக்குற மாதிரி கேக்குறியே" என்றேன்.

அவன் சிரித்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதிரி ஷூ இப்போது நிறைய வருகிறது, மேடம். மேலே லோஃபர், கீழே ஸ்நீக்கர் சோல். ஆபீஸுக்கும் ஆகும், நடக்கவும் ஆகும். உங்கள் வீட்டு ஆண்களுக்கு வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். சோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விரல் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அது பார்வைக்குத்தான் ரப்பர். அடுத்தது குதிகால். லேஸ் கிடையாது என்பதால் குதிகால்தான் ஷூவைப் பிடித்துவைக்கிறது. அங்கே ஒரு விரல் நுழைந்தால் அந்த ஷூ வேண்டாம், ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள்.

எங்கள் மேனேஜர் க்ளென், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், தங்கமான மனிதர். முந்தின வாரம்தான் எங்களிடம் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டி, "எத்தி, இந்த லாட்ல ஒரு பீஸ்கூட வெளில போகக் கூடாது. ஈரத்துல வழுக்குதாம். எல்லாம் ரிட்டர்ன்" என்று சொல்லியிருந்தார். பெட்டி கோடவுனில் இருந்தது. இதை எழுதுவது, க்ளென் சார் மேலோ கடை மேலோ பழி வரக் கூடாது என்பதற்காக.

நான் கோவிந்தன் காலை மடியில் வைத்தேன். "சாக்ஸைக் கழட்டு" என்றேன். "வேணாம் மச்சா, நாறும்" என்றான். முப்பது வருட சினேகிதன் என்னிடம் காலைக் காட்டக் கூச்சப்படுகிறான் என்றால் என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். சாக்ஸோடு அளந்தேன். ஏழு. அது எனக்கு அளக்காமலே தெரியும்.

கோடவுனுக்குப் போய் அந்தப் பெட்டியிலிருந்து எட்டாம் நம்பர் ஜோடியை எடுத்தேன். ரிட்டர்ன் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். காலியான இடத்தில் வேறொரு பழைய ஜோடியை வைத்துப் பெட்டிக்கு டேப் போட்டேன். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அவசரப்படவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். ஒரு சைஸ் பெரிய ஷூவை மாட்டிவிட்டு, அவன் கட்டைவிரலை மேலிருந்து பலமாக அழுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், லூஸாக இருக்கிறது என்று. அப்படிச் சொல்லியிருந்தால் உள்ளே போய் நல்ல ஜோடி, ஏழாம் நம்பர், எடுத்து வந்திருப்பேன். சத்தியமாக எடுத்து வந்திருப்பேன். அவன் ஷூவைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தில் தேடுகிற மாதிரி பார்த்தான். அப்புறம், "கச்சிதமா இருக்கு மச்சா" என்றான்.

தப்புச் செய்தவன்தான் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்வான். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"பழசை இங்கயே விட்டுட்டுப் போ" என்றேன். விட்டுவிட்டுப் போனான். கதவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஷூவைவிட்டு மேலே வந்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி எனக்குக் கையை ஆட்டினான்.

அவன் தினமும் காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த்தொட்டிக்கு ஏறுவான். நேராக நிற்கிற இரும்பு ஏணி. என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறான், அங்கிருந்து பார்த்தால் ஊரே தெரியும் என்று. அந்த வாரம் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்தேன். வியாழன் தூறல்கூட இல்லை. வெள்ளி, சனி வெயில். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு அந்த ஷூவோடு வந்து சாப்பிட்டான், நானே அவனுக்கு மீன் போட்டேன். திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்து நல்ல மழை. எட்டரைக்கு போன் வந்தது.

ஏணியிலிருந்து மல்லாந்து விழுந்ததில் தலையில் அடி. ஒரு ஷூ ஏணியின் எட்டாவது படியிலேயே சிக்கி நின்றுகொண்டிருந்ததாம். நீங்களும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். மழையில் கால் வழுக்கி விபத்து என்று எழுதிக் கேஸை முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேயே வந்து சொல்கிறேன். நான் அவனைத் தள்ளவில்லை. ஆனால் அவன் விழுவான் என்று தெரிந்து, விழுவதற்கென்றே அந்த ஜோடியை எடுத்துக் காலில் மாட்டிவிட்டேன். அவனைக் கொன்றது நான்தான்.

நான் வந்ததற்குக் காரணம் வேறு. சங்கமித்ரா உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள், நீங்களும் அதை எழுதி வைத்திருக்கிறீர்கள். என்னிடமும் அழுதுகொண்டே சொன்னாள். "அண்ணனுக்குச் சர்க்கரைங்க. ரெண்டு காலும் மரத்துப் போச்சு. முள்ளு குத்துனாலும் தெரியாது. அடியில புண்ணு வெச்சி ஆறவே இல்ல. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையில இருந்து தூக்கிருவாங்கன்னு பயந்தாரு. மத்தியானத்துல வந்து கட்டுப் போட்டுக்கினு போவாரு."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எல்லாரு காலையும் கதையா சொல்லிச் சிரிக்கிறீங்க. 'என் காலையும் சொல்லிருவான்மா, எத்திக்குத் தெரிய வேணாம்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

எவ்வளவு அழகாக ஜோடித்திருக்கிறாள் பாருங்கள். எங்கள் கடையில் மூன்றாவது தட்டு முழுக்கச் சர்க்கரைக்காரர்களுக்கான செருப்புதான். கால் மரத்துப்போனவர்கள் எப்படி நடப்பார்கள், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் எப்படிப் போவார்கள் என்று புதிதாக வருகிற சேல்ஸ்மேன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். என்னையா ஏமாற்றுவது. பாடை கட்டும்போது அவனுடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியது நான். வலது காலின் அடியில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, ஓரமெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. விழுந்த வேகத்தில் ஏதாவது கம்பி குத்தியிருக்கும்.

எனக்குத் தூக்கு கொடுத்தாலும் சரி, ஆயுள் கொடுத்தாலும் சரி. ஆனால் எனக்குத் துரோகம் நடந்தது என்று இந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். என் வீட்டுச் சோற்றைத் தின்றவன் எனக்குச் செய்ததை நீங்கள் விபத்து என்று முடித்தால் நான் எங்கே போய்ச் சொல்வது. அவள் சொன்னதை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாட்சிக்கு அவனுடைய பழைய ஜோடியைக் கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். வலது ஷூவின் முனையில் இருக்கும் சிவப்பை மட்டும் பாருங்கள், அதுதான் முக்கியம். உள்ளே அட்டையில் இருக்கும் பழுப்புக் கறைக்கும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.