நாலு குரல் பாஷை

எனக்குக் காது கூர்மை, சார். பனியன் கம்பெனியில் முப்பது நிட்டிங் மிஷின் ஒன்றாக ஓடினாலும், எதில் ஊசி முறிந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஃபிட்டர் தண்டாயுதபாணி என்றால் ராயபுரத்தில் யாருக்கும் தெரியும்.

அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது, ராகம் கேட்கும். அதைக் கவனித்துத்தான் எண்பத்துநாலில் ஒரு பாஷை செய்யத் தொடங்கினேன். மொத்தம் இருபது ஒலி. ஒவ்வொன்றையும் மேல்குரல், கீழ்க்குரல், ஏறுகுரல், இறங்குகுரல் என்று மாற்றிச் சொன்னால் நாலு சொல் கிடைக்கும். வினை முதலில் வரும், செய்தவர் பின்னால். நடந்து முடிந்த காரியமானால் கடைசி ஒலியை நீட்ட வேண்டும். 'இல்லை', 'மாட்டேன்' இரண்டையும் நான் வைக்கவில்லை. வீட்டுச் சண்டையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

சூப்பர்வைசர் ராசப்பனிடம் நோட்டைக் காட்டினேன். "ஏனுங்க, கையைக் காட்டுனாப் போதாதுங்களா?" என்று சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. தமிழ் கேட்டுப் பழகிய காது அது. பிறந்ததிலிருந்தே இதை மட்டும் கேட்ட ஒருவர் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

எண்பத்தாறில் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவத்தில் மனைவி தெய்வாத்தாள் போய்விட்டாள். அவள் தங்கை முத்தாயி குண்டடத்திலிருந்து வந்து, "மச்சான், புள்ளைய எங்கிட்டக் குடுத்துருங்க. எம்புள்ளைகளோட வளரட்டுமுங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை. வாய் பேச முடியாத ஓர் அம்மாளைத் தேடிப் பிடித்து மூன்று வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தேன். பிறகு வேலைக்குப் போகும்போது மாடி அறையைப் பூட்டிவிட்டுப் போவேன். தெருப்பேச்சு உள்ளே வராதபடி ஜன்னலில் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்திருந்தேன். எதையும் சரியான குரலில் கேட்டால்தான் கொடுப்பது என்று பழக்கினேன்.

நாலு வயதில் என்னைவிடச் சுத்தமாகப் பேசினாள். வேஸ்ட்டின் இடுக்கில் நுழையும் வெளிச்சக் கோட்டுக்கு அவளாகவே ஒரு சொல் செய்தாள். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "லூ" என்றாள். மேல்குரலில் லூ என்றால் தண்ணீர். கீழ்க்குரலில் தூக்கம், ஏறுகுரலில் கதவு, இறங்குகுரலில் காக்கை. அவளுக்கு நாலும் வரவில்லை, தட்டையாக வந்தது. தட்டையான லூவுக்கு அர்த்தம் கிடையாது. நான் திருத்திச் சொல்லிக் காட்டினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து மறுபடியும் அதையே சொன்னாள். நானாக ஊகித்து எதையாவது கொடுத்திருந்தால் பாஷை அன்றோடு கெட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப்போகவில்லை. அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முத்தாயி வந்தாள். நான் தடுக்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. மடியில் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாக்கெல்லாம் வெடிச்சுக் கெடக்குதுங்களே மச்சான்" என்றாள். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன், சார். பூட்டியது நான், வைத்தியம் பார்க்காதது நான், குழந்தை செத்தது என்னால். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை என்று இருக்கிறது. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.